ஆயா விழுந்தால்: இடுப்பு எலும்பு முறிவைக் கண்டுபிடிப்பது முதல் மறுபடி நடக்க வைப்பது வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எலும்பு முறிவு வார்டில் இருபத்தாறு வருடம் சிஸ்டராக வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற மறு வருடம் எங்கள் சின்னம்மா விழுந்தார். வயது 81. லோட்-ஷெடிங் என்ற மின்வெட்டு நேரம், விடியற்காலை இருட்டு. சாமி விளக்கேற்றப் போனவர் மிதியடியில் கால் தடுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்தார். தானே எழுந்தார், நடந்தும் காட்டினார். "முட்டிதான் நோவுது, வேற ஒண்ணுமில்ல" என்றார். முட்டியை அமுக்கிப் பார்த்தேன், வீக்கம் இல்லை. இரண்டு பனாடோ வலி மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொன்னேன். நாலு நாள் அந்தக் காலை இழுத்து இழுத்து நடந்தார். ஐந்தாம் நாள் நாற்காலியை விட்டு எழும்போது 'சடக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் நிற்கவே முடியவில்லை.

முதல் நாளே தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விட்டிருந்தது. அன்றைக்கே படம் எடுத்திருந்தால் இரண்டு மூன்று திருகாணியோடு முடிந்திருக்கும். நான் விட்ட நாலு நாளில் அது முழுதாக விலகி, எலும்பின் தலையையே எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைக்க வேண்டியதாயிற்று. வார்டில் நூறு பேரைப் பார்த்தவள், வீட்டில் ஒருவரைக் கோட்டை விட்டேன். இதை எழுத அதுதான் காரணம்.

எந்த எலும்பு உடைகிறது

நம் ஆட்கள் 'இடுப்பு' என்றால் சேலை செருகும் இடத்தைக் காட்டுவார்கள். அது இல்லை. தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து போல இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பந்துக்குக் கீழே ஒரு கழுத்து, கழுத்துக்குக் கீழே பக்கவாட்டில் கையால் தொட்டால் தெரியும் மேடு. முறிவு இந்தக் கழுத்தில் வரலாம், மேட்டை ஒட்டியும் வரலாம். எந்த இடம் என்பதைப் பொறுத்துத்தான் அறுவை சிகிச்சை மாறும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இளைஞனுக்கு இந்த எலும்பு உடைய காரோ மோட்டார் சைக்கிளோ மோத வேண்டும். அறுபது, எழுபது தாண்டிய பெண்மணிக்கு நின்ற இடத்தில் சாய்ந்தாலே போதும். பத்தில் ஒன்பது முறிவுக்கு மேல் இப்படிச் சாதாரணமாக விழுவதால் வருபவைதான். விழாமலே, படியில் உடம்பைத் திருப்பும்போது உடைவதும் உண்டு. அதனால் "அவ்வளவு பலமா விழலியே" என்பதை ஒரு சமாதானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் படி: முறிவா, வெறும் அடியா

எளிதில் தெரிகிற முறிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயா, அதாவது வீட்டுப் பாட்டி, மல்லாந்து கிடக்கிறார், எழ முடியவில்லை. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிகிறது, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கட்டைவிரல் சுவரைப் பார்க்கிறது. இதற்கு மேல் சோதித்துப் பார்க்க ஒன்றும் இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஏமாற்றுகிற முறிவுதான் ஆபத்து. எலும்பு உடைந்தும் ஒன்றோடொன்று குத்தி நின்றுவிடும். கால் குட்டையாகாது, பாதம் திரும்பாது, நடக்கவும் முடியும். அப்படிப்பட்டவரிடம் நான் இப்போது பார்ப்பவை:

வலி எங்கே என்று ஒரே விரலால் காட்டச் சொல்வேன். இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் இருக்கும். ஆனால் தொடையின் முன்பக்கமாக ஓடி முட்டியில் மட்டும் தெரிவதும் உண்டு. ஒரே நரம்புகள் இரண்டு இடத்துக்கும் போவதுதான் காரணம். முட்டி வலி என்று சொல்லி, முட்டியில் வீக்கமோ அமுக்கினால் நோவோ இல்லையென்றால் கண்ணை மேலே கொண்டுபோங்கள். சின்னம்மா விஷயத்தில் நான் செய்யாதது இதைத்தான்.

படுத்தபடியே குதிகாலைப் படுக்கையிலிருந்து தானாகத் தூக்க முடிகிறதா என்று கேளுங்கள். நீங்கள் தூக்கிவிடக் கூடாது, காலை உருட்டிப் பார்க்கவும் கூடாது. தூக்க முடியவில்லை, அல்லது தூக்கும்போது முகம் சுளிக்கிறார் என்றால் முறிவு என்றே வைத்துக்கொண்டு நடங்கள்.

நேற்று வரை எப்படி நடந்தார், இன்று எப்படி? சுவரைப் பிடிக்கிறாரா, கழிவறைக்குப் போகாமல் அடக்கிக்கொள்கிறாரா, நாற்காலியை விட்டு எழத் தயங்குகிறாரா? விழுந்த பிறகு நடை மாறியிருந்தால் அதுவே படம் எடுக்கப் போதுமான காரணம்.

ரத்தக்கட்டு இல்லை என்பதை நம்பாதீர்கள். கழுத்தில் வரும் முறிவு மூட்டு உறைக்குள்ளேயே அடங்கிவிடுவதால் வெளியே நீலம் பாரிக்காது. மேட்டை ஒட்டி உடைந்தால் மாறாக, தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேலும் ரத்தம் போகலாம். வெளியே ஒரு சொட்டு தெரியாமலே முகம் வெளிறி வியர்த்துவிடும்.

மறதி நோய் உள்ளவர் வலி என்று சொல்லவே மாட்டார். திடீரென நடக்க மறுப்பார், துணி மாற்றும்போது கையைத் தட்டிவிடுவார், கத்துவார். "இன்னைக்கு ஆயாவுக்குக் கோபம்" என்று விட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து முறிவோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினாலும் நூற்றில் சிலருக்கு முறிவு இருக்கும். மெல்லிய விரிசல் முதல் படத்தில் தெரியாது. வலி அப்படியே இருக்கிறது, காலை ஊன்ற முடியவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, அது இல்லாவிட்டால் சி.டி. எடுக்கலாமா என்று வாயைத் திறந்து கேளுங்கள்.

இரண்டாம் படி: ஆம்புலன்ஸ் வரும்வரை

எழுப்பாதீர்கள். நம் வீட்டு ஆண்கள் அக்குளில் கைகொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி சோபாவில் உட்கார வைப்பார்கள். ஒட்டி நிற்கிற எலும்பு விலகுவது பெரும்பாலும் அந்தத் தூக்கலில்தான். கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். தலைக்கு ஒரு தலையணை, மேலே போர்வை, வலிக்கிற காலின் முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டு. கால் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதே கோணத்தில் தாங்குங்கள், நேராக்க முயலாதீர்கள்.

எண்ணெய் போட்டு நீவுவது, ஸாம்-பக் களிம்பு தேய்ப்பது, சுளுக்கு எடுப்பவரை அழைத்து வருவது, எதுவும் வேண்டாம். சுளுக்கு எடுப்பவர்கள் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது, தோள்பட்டைப் பிடிப்புக்கு நானே போயிருக்கிறேன். ஆனால் உடைந்த கழுத்தை இழுத்தால், பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் சின்னக் குழாய்களில் மிச்சமிருப்பவையும் அறுந்துபோகும்.

தலையில் அடிபட்டதா என்று கேளுங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவரானால் அதை ஆம்புலன்ஸ்காரரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். விழுந்த காரணத்தையும் கேளுங்கள்: தடுக்கி விழுந்தாரா, கண் இருண்டு விழுந்தாரா? மயக்கம் வந்து விழுந்திருந்தால் இதயத்தையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். நம் சமூகத்தில் சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கருவி இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். சர்க்கரை இறங்கி விழுந்தவர் நிறையப் பேர்.

எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார் என்பதைக் குறித்து வையுங்கள். இரவு முழுக்கக் கிடந்தவருக்குத் தசை நசுங்கி, அதிலிருந்து வரும் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டருக்கு அந்த மணிக்கணக்கு முக்கியம்.

வலிக்குப் பாரசிட்டமால், அதாவது பனாடோ, 500 மில்லிகிராம் இரண்டு மாத்திரை ஒரு வாய்த் தண்ணீரோடு தரலாம். உடல் எடை 50 கிலோவுக்குக் குறைவு அல்லது கல்லீரல் கோளாறு என்றால் ஒன்று போதும். கிராண்ட்பா என்ற தலைவலிப் பவுடர் கூடாது. பாட்டிமார்களின் கைப்பையில் அது எப்போதும் இருக்கும்; ஆனால் அதில் ஆஸ்பிரின் இருக்கிறது. இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் வகைகளும் வேண்டாம், முதியவர்களின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் அவை சோதித்துவிடும். சாப்பாடு இப்போதைக்கு வேண்டாம்.

அரசு ஆம்புலன்ஸ் 10177. கைப்பேசியிலிருந்து 112. தனியார் என்றால் நெட்கேர் 082 911, இ.ஆர்.24 க்கு 084 124. "கீழே விழுந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னால் பின்வரிசைக்குப் போய்விடும். "81 வயது, இடுப்பு எலும்பு முறிவு போலிருக்கிறது, நிற்க முடியவில்லை, கடுமையான வலி" என்று சொல்லுங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் மாதிரி மேடும் பள்ளமுமான இடத்தில் வீடு ரோட்டிலிருந்து எத்தனை படி கீழே என்பதையும் சொல்லிவிட்டு, ஒரு பையனை மேலே தெருவில் டார்ச்சோடு நிறுத்துங்கள்.

ஆம்புலன்ஸ் வரவே இல்லை, பக்கியில்தான், அதாவது பின்பக்கம் திறந்த சின்ன வண்டியில்தான், கொண்டுபோக வேண்டும் என்ற நிலையும் இங்கே வருகிறது. அப்படியானால் இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்து, தொடையிலும் முட்டிக்குக் கீழும் கணுக்காலிலும் துணியால் தளரக் கட்டுங்கள். கெட்டிப் போர்வையில் நாலு பேர் நாலு முனையைப் பிடித்துத் தூக்கி, மெத்தை போட்ட பக்கியில் படுக்க வையுங்கள். டாக்சியின் முன் சீட்டில் உட்கார வைத்துக் கொண்டுபோவதை மட்டும் தவிருங்கள்.

மூன்றாம் படி: காஷுவல்டியில்

எடுத்துப் போக வேண்டியவை: ஐடி, கிளினிக் அட்டை, சாசா என்ற அரசு உதவித்தொகை அட்டை அல்லது மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) அட்டை, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளும் ஒரே பையில். கூடவே கண்ணாடி, காது கருவி, பல் செட். கடைசி மூன்றையும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அவை ஏன் முக்கியம் என்பது ராத்திரி தெரியும்.

நுழைந்ததும் ஒரு சிஸ்டர் நாடி, ரத்த அழுத்தம் பார்த்து வண்ணம் கொடுப்பார். சிவப்பு உடனே, ஆரஞ்சு 10 நிமிடத்துக்குள், மஞ்சள் ஒரு மணி நேரத்துக்குள், பச்சை நாலு மணி நேரத்துக்குள். காகிதத்தில் அப்படி, சனிக்கிழமை இரவில் எல்லாமே நீளும். தோல் கிழியாத எலும்பு முறிவு மஞ்சள். ஆனால் கடுமையான வலி ஆரஞ்சு. நம் ஆயாக்களின் பழக்கம் தெரியுமே: வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் "ஐ ஆம் ஓகே, சிஸ்டர்" என்பார்கள். அசையாமல் படுத்திருக்கும்போது வலி குறைவாகத்தான் இருக்கும். "காலை அசைத்தால் பத்துக்கு எத்தனை, அதைச் சொல்லுங்க ஆயா" என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. இருக்கிற வலியைச் சொன்னாலே போதும்.

அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்பது தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 27(3) பிரிவு. தனியார் மருத்துவமனைக்கும் அது பொருந்தும். மெடிக்கல் எய்ட் இருந்தால், அவசர நிலைச் சிகிச்சை 1998 ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லாத் திட்டங்களும் கொடுத்தாக வேண்டிய அடிப்படைப் பலன்களில் சேர்ந்தது. "உங்க பிளான்ல இது இல்ல" என்று தொலைபேசியில் சொன்னால் அத்தோடு வைத்துவிடாதீர்கள்.

ஆர்.கே. கான், ஃபீனிக்ஸின் மகாத்மா காந்தி, அடிங்டன் என்று பக்கத்தில் இருப்பதற்கே முதலில் போங்கள். இன்கோசி ஆல்பர்ட் லுதுலி போன்ற பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போய்ப் பயனில்லை, வேறு மருத்துவமனை பரிந்துரைத்தால்தான் சேர்ப்பார்கள். முதல் மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்று: "ஆபரேஷன் இங்கேயே நடக்குமா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா, எப்போது?"

நான்காம் படி: ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன் காத்திருக்கும் நேரம்

உடைந்த எலும்பை விட, படுத்தே கிடப்பதுதான் இந்த நோயாளிகளைக் கொல்கிறது. நிமோனியா, காலில் ரத்தக்கட்டி, படுக்கைப்புண், மூத்திரத் தொற்று எல்லாம் படுக்கையிலிருந்து வருபவை. இடுப்பு உடைந்த முதியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்று பல நாட்டுக் கணக்குகளும் சொல்கின்றன. அதனால்தான் சேர்ந்த அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை, தாமதமானாலும் 48 மணி நேரத்துக்குள் என்று உலகெங்கும் வைத்திருக்கிறார்கள்.

நம் அரசு வார்டுகளில் அது எப்போதும் நடப்பதில்லை. சாலை விபத்து, துப்பாக்கிக் காயம் என்று உயிருக்குப் போராடுகிறவர்கள் வரும்போது, சத்தம் போடாமல் படுத்திருக்கும் ஆயாவின் பெயர் பட்டியலில் இறங்கிக்கொண்டே போகும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. நானே அந்தப் பட்டியலை எழுதியிருக்கிறேன். ஆனால் தினமும் காலை ரவுண்ட்ஸில் அமைதியாக ஒருவர் வந்து நின்று, "இன்று பட்டியலில் இருக்கிறாரா? இல்லையென்றால் என்ன காரணம்? அந்தக் காரணத்துக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கிற குடும்பத்தின் ஆயா மறக்கப்படுவதில்லை. பத்துப் பேர் வந்து கூச்சல் போட வேண்டாம். ஒரே ஆள், தினமும், ஒரே நோட்டுப் புத்தகத்தோடு.

தள்ளிப்போட நியாயமான காரணங்கள் உண்டு: ரத்தம் மிகக் குறைவு, சர்க்கரை கட்டுக்கு மீறியது, இதயம் தாறுமாறாக ஓடுவது, நெஞ்சில் தொற்று, வார்ஃபரினால் ரத்தம் அதிகம் நீர்த்திருப்பது. இவை ஓரிரு நாளில் சரிசெய்யக் கூடியவை. ஆஸ்பிரினோ க்ளோபிடோக்ரெலோ எடுக்கிறார் என்பது மட்டும் ஒரு வாரம் காத்திருக்கக் காரணம் ஆகாது.

வலிக்கு மாத்திரை மட்டும் போதாது. தொடை இடுக்கில் நரம்பை மரக்க வைக்கும் ஊசி ஒன்று உண்டு. போட்ட அரைமணியில் ஆயாவின் முகமே மாறிவிடும், மார்ஃபின் தேவையும் குறையும். "நர்வ் பிளாக் போட முடியுமா?" என்று கேளுங்கள். காலில் பட்டை ஒட்டி எடை தொங்கவிடும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் வலி குறைகிறது என்பதற்கு ஆய்வுகளில் நல்ல சான்று கிடைக்கவில்லை. போட்டிருந்தால் தினமும் குதிகால் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டை இல்லாவிட்டாலும் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையைத் தொடாமல் தொங்கட்டும். இரண்டே நாளில் அங்கே கறுத்துவிடும்.

பட்டினி விஷயம். மயக்க மருந்துக்கு முன்னால் திட உணவு 6 மணி நேரம், தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் நிறுத்தினால் போதும். நடப்பது வேறு: நடுராத்திரியிலிருந்து பட்டினி, மாலை நாலு மணிக்கு 'இன்று இல்லை' என்பார்கள், மறுநாளும் அதே கதை. இரண்டு நாளில் ஆயா காய்ந்து போய்விடுவார். ஆபரேஷன் ரத்து என்று தெரிந்த நிமிடமே சாப்பாடு கொடுங்கள், அடுத்த பட்டினி எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்டினியில் இன்சுலின் போடலாமா என்பதை ஒவ்வொரு முறையும் சிஸ்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி ராத்திரி. பகலில் தெளிவாகப் பேசியவர் இரவு ஒன்பது மணிக்கு, "யாரோ சுவர்ல ஏறுறாங்க", "பஸ் வந்துடுச்சு, என் பையைக் கொடு" என்பார். டிரிப்பைப் பிடுங்குவார். குடும்பம் பயந்துபோய் பைத்தியம் பிடித்துவிட்டதாக நினைக்கும். இது வலியும் தாகமும் தூக்கமின்மையும் தொற்றும் சேர்ந்து கொண்டுவரும் தற்காலிக மனக்குழப்பம். காரணத்தைத் தேடித் தீர்த்தால் பெரும்பாலும் இறங்கும். கண்ணாடியும் காது கருவியும் இங்கேதான் வேலை செய்கின்றன. சுவரில் நிழலைப் பேயாகப் பார்ப்பவருக்கு முதல் மருந்து மூக்குக் கண்ணாடி.

மொழியும் அப்படித்தான். வாழ்நாளெல்லாம் இங்கிலீஷில் பேசிய ஆயா, குழப்பம் வந்ததும் சின்ன வயதுத் தமிழுக்குத் திரும்பிவிடுவார். ஜூலு பேசும் இளம் சிஸ்டருக்கு "ஒண்ணுக்கு வருது" எப்படிப் புரியும்? நான் வார்டில் செய்தது இதுதான்: தண்ணி, நோவு, ஒண்ணுக்கு, குளிருது, போதும், யாரு என்று பத்துச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, எதிரே பொருள் போட்டுத் தலைமாட்டில் ஒட்டினேன். தூக்க மாத்திரை கேட்பதற்கு முன்னால் அதைச் செய்து பாருங்கள். பழைய தூக்க மாத்திரைகள் பல இந்தக் குழப்பத்தைக் கூட்டத்தான் செய்யும்.

ஐந்தாம் படி: அறுவை சிகிச்சை

"88 வயசு, இதுக்கு மேல வெட்டணுமா?" ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மாமா இதைக் கேட்பார். அறுவை செய்யாவிட்டால் வாரக்கணக்கில் படுக்கை; ஒவ்வொரு தடவை திருப்பும்போதும், மலம் கழிக்கும்போதும் வலி. அந்தப் படுக்கையைத் தாங்குவது அறுவையைத் தாங்குவதை விடக் கடினம். ஏற்கனவே நடக்காமல் இருந்தவருக்குக்கூட வலி தீர்வதற்காக இதைச் செய்கிறோம். வேறு நோயால் சில நாட்களில் போகப்போகிறார் என்ற நிலையில் மட்டும், டாக்டரோடு உட்கார்ந்து பேசி வேண்டாம் என்று முடிவு செய்யலாம்.

நோயாளி தெளிவாக இருந்தால் கையெழுத்து அவருடையது, மகனுடையது அல்ல. குழப்பத்தில் இருந்து, முன்கூட்டி யாரையும் அவர் எழுத்தில் நியமிக்கவில்லை என்றால், 2003 ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டம் வரிசை வைத்திருக்கிறது: கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பாட்டன் பாட்டி, வயது வந்த பிள்ளை, உடன்பிறப்பு. கேப்டவுனில் இருக்கும் மூத்த மகனுக்காக அறுவை நிற்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருக்கும் மகள் போடலாம்.

வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழுத்தில் விலகாத விரிசல் என்றால் திருகாணிகள். விலகிவிட்டால் பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அறுந்திருக்கலாம், ஒட்டினாலும் பந்து செத்துப்போகலாம். ஆகவே அதை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பார்கள். நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் என்றால் குழியையும் சேர்த்து முழு மூட்டையே மாற்றுவதுண்டு. மேட்டை ஒட்டிய முறிவில் ரத்த ஓட்டம் கெடாது, தகடும் வழுக்கும் பெரிய திருகாணியும் போதும். துண்டு துண்டாக, அல்லது இன்னும் கீழே உடைந்திருந்தால் எலும்புக்குள்ளேயே நீளக் கம்பி. முதுகில் ஊசியா, முழு மயக்கமா என்று ரொம்பக் கவலைப்படாதீர்கள். பெரிய ஆய்வுகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆறாம் படி: மறுநாளே எழுப்புங்கள்

அறுவை முடிந்த மறுநாள் படுக்கையை விட்டு இறக்க வேண்டும். பிசியோ வந்தால் அவர், வராவிட்டால் சிஸ்டர்கள் இருவர். "தையல் பிரிஞ்சிடும், நாளைக்குப் பார்க்கலாம்" என்று தடுப்பது பெரும்பாலும் நாம்தான். பாசத்தில் செய்கிற கெடுதல். உலோகம் உடம்பின் பாரத்தைத் தாங்கத்தான் வைக்கப்படுகிறது. டாக்டர் வேறு விதமாகச் சொல்லாத வரை முழுப் பாரத்தையும் ஊன்றலாம். எழுப்புவதற்கு அரைமணி முன்னால் வலி மாத்திரை கொடுத்துவிடச் சொல்லுங்கள். முதல் நாள் நாற்காலியில் உட்கார்வதே வெற்றி, இரண்டாம் நாள் வாக்கரோடு கதவு வரை.

ஆழமாக மூச்சிழுத்து இருமுவதை மணிக்குப் பத்து முறை நீங்களே கூட இருந்து செய்ய வையுங்கள். மூத்திரக் குழாயை எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது. வலி மருந்து மலத்தைக் கட்டும். மூன்று நாள் போகவில்லை என்றால் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியையோ மாத்திரையையோ நாலைந்து வாரம் தொடரச் சொல்வது வழக்கம். வீட்டுக்கு வரும்போது அது சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சாப்பாட்டில் புரதம். முட்டை, பருப்பு, கோழி, மாஸ் என்ற புளித்த பால். டின் பில்சார்டு மீன் குழம்பு வைத்தால் முள்ளோடு நசுக்கிக் கொடுங்கள், அந்த முள்தான் சுண்ணாம்புச் சத்து. புரட்டாசி மாதத்தில் இது ஒரு சண்டையாகும். ஒரு தடவை ஆயா ஒருவர் அறுவை முடிந்த பத்தாம் நாள் விரதத்தை விடமாட்டேன் என்றார். கோயில் ஐயாவையே வார்டுக்கு வரவழைத்தோம். "பெருமாள் அடுத்த வருஷமும் இருப்பார்" என்றார் அவர். பிடிவாதமாக மறுப்பவருக்குப் பாலும் பயறும் பனீரும் இரண்டு மடங்கு.

ஏழாம் படி: வீட்டில்

கட்டிலின் உயரம் முக்கியம்: உட்கார்ந்தால் முட்டி இடுப்பை விட மேலே போகக் கூடாது. தாழ்ந்த சோபா வேண்டாம். கழிவறை இருக்கையை உயர்த்தும் வளையம் வாங்குங்கள், அல்லது கமோட் நாற்காலி. குளியல் தொட்டிக்குள் கால் வைத்து ஏறுவது முதல் மூன்று மாதம் இல்லை. வழுக்காத நாற்காலி, வாளி, குவளை.

பந்து மாற்றியவருக்குக் கூடுதலாக மூன்று: தொண்ணூறு டிகிரிக்கு மேல் குனிவது, கால்மேல் கால் போடுவது, அந்தக் காலை உள்பக்கம் திருப்புவது வேண்டாம். மூட்டு நழுவிவிடும். அறுவை செய்த முறையைப் பொறுத்து இது மாறும். எத்தனை வாரம் என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். சம்மணம் போட்டுப் பூஜை, குந்தி உட்கார்ந்து கோலம் எல்லாம் இதில் அடக்கம். சாமி படத்தை மேசைக்கு ஏற்றுங்கள், அவர் நாற்காலியில் உட்காரட்டும்.

படிகள். எங்கள் பக்கம் வீட்டுக்குள் போகவே பன்னிரண்டு படி இறங்க வேண்டும். விதி இதுதான்: ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது நோகிற கால் முன்னால், கைப்பிடியை விடாமல். வாக்கரின் கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

கெண்டைக்கால் வீங்கி நோவு, திடீர் மூச்சிரைப்பு அல்லது நெஞ்சுவலி, புண்ணில் கசிவு, காய்ச்சல், குனிந்ததும் சட்டென்று கால் குட்டையாகி வலிப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

எட்டாம் படி: எல்லாரும் விட்டுவிடும் படி

எலும்பை ஒட்டி அனுப்பிவிடுகிறோம், எலும்பு ஏன் உடைந்தது என்று பார்ப்பதில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தாலே அது எலும்புப்புரைதான், அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் நோய். அதை உறுதி செய்ய ஸ்கேனுக்காகக் காத்திருக்க வேண்டாம். மருந்து இல்லாவிட்டால் அடுத்த பக்கமும் உடையலாம்.

விட்டமின் டி, கால்சியம் அடிப்படை. டர்பன் வெயில் ஊருக்கெல்லாம் தெரியும், ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் கறுத்த தோலுக்கு அது எட்டுவதில்லை. அதற்கு மேல் எலும்பைக் காக்கும் மருந்து. அலெண்ட்ரோனேட் வாரத்துக்கு ஒரு 70 மில்லிகிராம் மாத்திரை: வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, அரைமணி நேரம் படுக்காமல். டீயோடு போட்டால் வீண். போட்டுவிட்டுப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். அப்படி உட்கார முடியாதவருக்கு ஜோலெட்ரோனிக் அமிலம், வருடத்துக்கு ஒரு முறை ரத்தக் குழாயில் ஏற்றுவது. இடுப்பு உடைந்தவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் இதைத் தொடங்கிப் பார்த்த ஆய்வு 2007 இல் வந்தது. புதிய முறிவு 35 சதவீதமும், மரணம் 28 சதவீதமும் குறைந்தன. சிறுநீரகச் சோதனையும் பல் சோதனையும் முன்னால் செய்துகொள்ள வேண்டும். அடுத்த சந்திப்பில் டாக்டரிடம், "எலும்புக்கு என்ன மருந்து தொடங்கப் போறீங்க?" என்று நேராகக் கேளுங்கள். தையல் பிரித்து, படம் பார்த்து, 'நல்லா இருக்கு' என்று சொல்வதோடு அந்தச் சந்திப்பு முடிந்துவிட விடாதீர்கள்.

மறுபடி விழாமல்

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். தூக்க மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு மூன்று வகை, மூத்திரம் போக ஒன்று. எதைக் குறைக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். கண்புரை இருந்தால் எடுத்துவிடுங்கள். கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே, மின்சாரம் போனதும் தானே எரியும் சார்ஜ் பல்பு இரண்டு. தரை விரிப்புகள் எல்லாம் வெளியே. நைட்டி கணுக்காலுக்கு மேலே. குதிகாலில் பிடிப்பு இல்லாத ரப்பர் செருப்பை எறிந்துவிட்டுப் பின்பக்கம் பிடிக்கும் செருப்பு.

சாமி அறையை நான் கடைசியாகத்தான் கவனித்தேன். விளக்கிலிருந்து சொட்டும் எண்ணெய் டைல்ஸில் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருந்தது. சின்னம்மா விழுந்த இடத்துக்கு நேர் மேலே, சுவரில் இப்போது ஒரு இரும்புக் கைப்பிடி இருக்கிறது. விளக்குக்குக் கீழே ஒரு பித்தளைத் தட்டு. முதலில் கைப்பிடியைப் பார்த்து முகத்தைச் சுளித்தவர், வெள்ளிக்கிழமை அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.